வயிற்றுக்குள் ஒரு சமத்து

வயிற்றில் இருக்கும் குழந்தையைச் சமத்து என்று முதலில் சொன்னது யார் என்று தெர்லினாவுக்கு நினைவில்லை. நினைவிருந்தால் அந்த வாயில் ஒரு கைப்பிடி பச்சை மிளகாயைத் திணித்திருப்பாள். காலையிலிருந்து வீட்டுக்குள் நுழைந்த ஒவ்வொருத்தியும் அதையேதான் சொன்னாள். நாத்தனார் லரஸுக்கு மறுநாள் கல்யாணம். அன்றைக்கு மணப்பெண் நீராட்டு. வாசலில் தென்னங்குருத்துத் தோரணம், கூடம் முழுக்க மல்லிகை வாசனை. வந்தவர்கள் பாத்திக் துணி சரசரக்க நேராக அவளிடம் வருவார்கள், வயிற்றில் கை வைப்பார்கள், கொஞ்சம் காத்திருப்பார்கள். கைக்கு அடியில் ஒன்றும் அசையாது. உடனே அவர்கள் முகம் மலரும். எவ்வளவு சமத்து பாரு, அப்பாவை அப்படியே உரித்து வைத்திருக்கு என்பார்கள்.

ஒன்றும் அசையவில்லை என்பதுதான் அவள் பயமே. அதற்குப் பாராட்டுச் சொல்லிவிட்டு அவர்கள் பலகாரம் சாப்பிடப் போனார்கள்.

ஜாவாவின் சோலோ நகரத்தில் சத்தம் போடுகிறவனை மனிதக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஒருவர் காலை இன்னொருவர் மிதித்துவிட்டால், மிதிபட்டவர்தான் மன்னிப்புக் கேட்டுக் காலை இழுத்துக்கொள்வார். அப்படிப்பட்ட ஊரில், ஒரு பழைய தெருவில், அதிலும் அடக்கமான குடும்பம் என்று பெயர் வாங்கிய வீட்டுக்கு மருமகளாக வந்தவள் தெர்லினா. அவளோ வடக்கு சுமத்திராவில் மண்டைலிங் ஜனங்களுக்குள் பிறந்தவள். அங்கே சண்டையைத்தான் கத்திப் போடுவார்கள் என்றில்லை, சாப்பிட வா என்பதையும் மூன்று வீடு கேட்கும்படிதான் சொல்வார்கள். கல்யாணமாகி வந்த புதிதில், அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் புறாக்கள் கூண்டோடு மிரண்டதாக ஒரு கதை கட்டிவிட்டிருந்தார்கள். விருந்துக்கு விருந்து அந்தக் கதை வெளியே வரும். அவளும் சேர்ந்து சிரிப்பாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு. அப்படிப் பொத்தக் கற்றுக்கொண்டதற்காகத் தன்மேலேயே அன்றைக்கு அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அவள் வயிற்றிலிருந்தது சமத்தே இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். விடிகாலைத் தொழுகைக்கு மசூதியில் அழைத்ததும் முதல் உதை விழும். காரச் சம்பல் சாப்பிட்டால் ஒரு ஆட்டம். எல்லாவற்றுக்கும் மேலே, பொழுது சாயும் நேரத்தில் அவள் தாயோடு போனில் பேசும்போது நடக்கும் கூத்து. தாயை அவள் உமாக் என்றுதான் கூப்பிடுவாள். உமாக் சந்தையில் மீன் கடையைக் கட்டிக்கொண்டே பேசுவாள். அந்த இரைச்சலை மீறிக் கத்துவாள். இவளும் கொல்லைப்புறத்துக்குப் போய் நின்று பதிலுக்குக் கத்துவாள். ஜாவாவில் வாய் திறந்து பேச அவளுக்கு இருந்த ஒரே நேரம் அதுதான். இரண்டு பேரும் கத்தத் தொடங்கினால் உள்ளே இருப்பதும் சேர்ந்துகொண்டு விலாவில் குத்தும். பேத்தியோ பேரனோ, நம்ம ஊர் ரத்தம் என்று உமாக் போனிலேயே கொக்கரிப்பாள்.

ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு எடுத்த நர்ஸ் இதைத்தான் கவனிக்கச் சொல்லியிருந்தாள். அடுத்தவள் பிள்ளை எத்தனை தடவை உதைக்கிறது என்பது உனக்கு வேண்டாம், உன் பிள்ளையின் பழக்கம் என்ன என்று தெரிந்துவைத்துக்கொள் என்றாள். கடைசி மாதத்தில் உதை உருளலாக மாறலாம், நெளிவாக மாறலாம். ஆனால் அசைவு குறையக் கூடாது, பழக்கம் விட்டுப்போகக் கூடாது. போனால் அன்றைக்கே கிளம்பி வா, விடியட்டும் என்று உட்காராதே, நீ வந்து ஒன்றுமில்லை என்றானால் எங்களுக்குச் சந்தோஷம்தான் என்றாள். அந்த வகுப்புக்கு பம்புதியும் வந்திருந்தான். அவளுடைய கணவன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவன் வாயில் வரும் 'சரி'க்கு நாற்பது அர்த்தம் உண்டு. சரி என்றால் கேட்டது, சரி என்றால் கேட்கவில்லை, சரி என்றால் என் அம்மாவைக் கேட்கிறேன், சரி என்றால் இந்தப் பேச்சை இத்தோடு விடு. செய்கிறேன் என்ற அர்த்தம் மட்டும் அபூர்வமாகத்தான் வரும். நேற்றுப் பகல் முழுவதும் அசைவு மந்தமாக இருந்தது. சாயங்காலம் உமாக்கோடு தொண்டை வறளக் கத்தியும் உள்ளிருந்து பதிலில்லை. அவனிடம் சொன்னாள். சரி என்றான். காலையில் பார்ப்போம் என்றான். குளிர்ந்த தண்ணீர் குடித்து இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். லேசாக ஒரு புரளல் தெரிந்த மாதிரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மனதைத் தேற்றிக்கொண்டாள். விடிகாலையில் மசூதியில் அழைத்தார்கள். உதை விழவில்லை.

எழுந்ததும் மாமியாரைத் தேடிப் போனாள். முர்தனிங்சி என்பது பெயர். எல்லோரையும் போல அவளும் அம்மா என்ற அர்த்தத்தில் இபு என்றே கூப்பிடுவாள். இபு புருஷனை இழந்து ரொம்ப வருஷமாகிறது. அந்த அம்மாள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, அன்றைய சடங்குக்கு வேண்டிய மண்சில்லுகளைக் கூடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். நீராட்டு முடிந்ததும் மணப்பெண்ணின் தாய் தாவெத் விற்க வேண்டும். வெல்லப்பாகும் தேங்காய்ப்பாலும் பச்சை நிறத்தில் குட்டி மாவு உருண்டைகளும் போட்ட பானம். விருந்தாளிகள் காசுக்குப் பதில் மண்சில்லு கொடுத்து வாங்கிக் குடிப்பார்கள். தாய் விற்கும்போது தகப்பன் பக்கத்தில் நின்று அவளுக்குக் குடை பிடிக்க வேண்டும். தகப்பன் இல்லாத வீட்டில் மூத்த மகன் பிடிப்பான். அதாவது பம்புதி.

"இபு, குழந்தை அசையலை. நேத்துலேர்ந்தே சரியில்லை," என்றாள் தெர்லினா.

சில்லு பொறுக்கிய கை அப்படியே நின்றது. இபு நிமிர்ந்து பார்க்கவில்லை. கூடையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சமத்துக் குழந்தைம்மா அது. உனக்கு அசதியா இருக்கும், உள்ள போய்ப் படு," என்றாள். கை மறுபடி சில்லு பொறுக்கத் தொடங்கியது.

கல் நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டே தெர்லினா உள்ளே வந்தாள். படுக்க முடியவில்லை. படுக்க விடவும் இல்லை. வந்தவர்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துப் போக ஆரம்பித்தார்கள்.

முற்பகலில் விவின் வந்தாள். அந்தத் தெருவின் பிரசவ மருத்துவச்சி. படித்தவள், சொந்தமாகக் கிளினிக் வைத்திருப்பவள். அன்றைக்கு விருந்தாளியாகக் கொண்டையும் கெபாயா மேல்சட்டையுமாக வந்திருந்தாள். யாரோ அவள் காதில் போட, பக்கத்திலிருக்கும் கிளினிக்கிலிருந்து உள்ளங்கையில் அடங்கும், குழந்தையின் துடிப்பைக் கேட்கும் கருவியைக் கொண்டுவரச் சொன்னாள். படுக்கையறைக் கதவைக்கூட முழுதாகச் சாத்தவில்லை. வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை அப்படியும் இப்படியும் நகர்த்தினாள். கொஞ்ச நேரம் காற்று இரைச்சல். பிறகு தொப், தொப், தொப் என்று ஒரு துடிப்பு. கதவருகில் எட்டிப் பார்த்த பெண்கள் எல்லோரும் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டார்கள்.

தெர்லினாவும் முதலில் விட்டாள். அழுகை வரும்போல இருந்தது. ஆனால் அதற்குமுன் கேட்டிருந்த துடிப்பு இது இல்லை; ஆஸ்பத்திரியில் கேட்டது குதிரை ஓடுவது போல இருக்கும், இது நடக்கிறது. தன் கழுத்து நரம்பில் விரலை வைத்துப் பார்த்தாள். கருவியில் ஒரு தொப், விரலடியில் ஒரு தொப். இரண்டும் கை கோத்துக்கொண்டு நடந்தன. 

"இது என்னோடது. என் நாடிதான் கேக்குது, இது பிள்ளையோடது இல்லை," என்றாள்.

விவின் சிரித்தாள். அம்மாவுக்குப் பதற்றம், அதனால் அம்மா நாடியும் வேகமாகத்தான் ஓடும், அதுதான் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது என்றாள். கடைசி மாதத்தில் உள்ளே இடம் இருக்காது, அதனால் அசைவு குறைவது சகஜம் என்றாள். நல்ல தாவெத் ஒரு கிளாஸ் குடித்தால் சர்க்கரைக்குத் தானே எழுந்துகொள்ளும், இல்லாவிட்டால் நாளைக்குக் கல்யாணம் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். இந்த ஊரில் சிரிப்பால் பூசி மெழுக முடியாத ஓட்டை கிடையாது. கருவியைத் துடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, நீராட்டுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனாள்.

தெர்லினா கணவனைத் தேடிக்கொண்டு போனாள். வாசற்பக்க அறையில் அவனை அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். கறுப்புச் சட்டை, இறுக்கிக் கட்டிய தலைப்பாகை, முதுகில் செருகிய குறுவாள். கையில் பொன் நிறக் குஞ்சம் வைத்த குடை. பெரியப்பா வார்சிதோ பக்கத்தில் நின்று குடையை எந்தச் சாய்வில் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். குடும்பத்துக்குப் பெரியவர் அவர்தான்; சடங்குக்கு மைக்கும் அவர் கையில்தான்.

"மாஸ், இப்பவே கிளம்பணும். காரை எடுங்க," என்றாள். ஜாவா வழக்கப்படி புருஷனை அவள் மாஸ் என்றுதான் கூப்பிடுவாள்.

அவன் அவளைப் பார்த்தான், பெரியப்பாவைப் பார்த்தான், குடையைப் பார்த்தான். சரி என்றான். தாவெத் விற்று முடியட்டும், உடனே போய்விடலாம் என்றான். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருக்கிறது, கார் எடுக்க வேண்டுமானால் பந்தல் கயிற்றை அவிழ்த்து நாற்காலிகளை நகர்த்த வேண்டும், இத்தனை பேர் நடுவில் எப்படி என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். கேட்கும்போதும் குடையைச் சரியான சாய்வில்தான் வைத்திருந்தான். அந்தக் குடையைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறிக்க வேண்டும் போல அவளுக்கு இருந்தது. முறித்திருக்கலாம். முறிக்கவில்லை. இரண்டு வருஷத்துப் பழக்கம் கையைப் பிடித்துக்கொண்டது.

தனியாகவே போய்விடுவோம், தெருமுனையில் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு நிற்கும் என்று முடிவு செய்து பையை எடுத்தாள். வெளியே போக வாசலை விட்டால் வழியில்லை. வாசலில் நீராட்டு முடிந்து தாவெத் வியாபாரம் தொடங்கியிருந்தது. பந்தலுக்குள் எள் போட்டால் எள் விழாது. காமெலான் இசை ஒலிபெருக்கியில் தூங்கி வழிந்தது. நடுவில் இபு, பட்டுத் துண்டு போர்த்தி, இடுப்பில் மண்சில்லுக் கூடையோடு, பானையிலிருந்து கிளாஸில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பின்னால் பம்புதி குடையோடு சாவி கொடுத்த பொம்மை மாதிரி நின்றான். தெர்லினா கூட்டத்துக்குள் நுழைந்தாள். கைகள் வந்தன. எல்லாம் மெத்தென்ற கைகள். உட்காரும்மா, இந்த வெயிலில் எங்கே, மணப்பெண்ணுக்கு நல்லதில்லை, சடங்கு முடிகிறவரை வாசலைத் தாண்டக் கூடாது. முழங்கையைப் பிடித்து, தோளைத் தடவி, ஒரு நாற்காலியில் அவளை அமுக்கினார்கள். ஒருத்தி கையில் தாவெத் கிளாஸைத் திணித்தாள். அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பாள். இந்தக் கைகளை என்ன செய்வது?

குடித்தாள். அதையும் செய்து பார்த்தாள். தித்திப்பும் குளிர்ச்சியும் தொண்டை வழியாக இறங்கின. வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தாள். சுற்றியிருந்தவர்கள் புன்னகையோடு காத்திருந்தார்கள். வயிறு ஒரு பக்கமாகச் சரிந்து, மாவு மூட்டை போல அவள் மடியில் இருந்தது.

கிளாஸ் தரையில் விழுந்து உடைந்தபோது கொஞ்சம்பேர் திரும்பினார்கள். அவள் வாயைத் திறந்தபோது தெருவே திரும்பியது. மீன் சந்தையில், பேருந்து இரைச்சலுக்கு மேலே, கடைசிக் கூடைக்கு விலை கூவுகிற உமாக்கின் குரல் அது. மகளின் தொண்டையில் பத்திரமாக இருந்திருக்கிறது.

"என் பிள்ளை செத்துக்கிட்டிருக்கு. நீங்க இனிப்புத் தண்ணி வித்துக்கிட்டிருக்கீங்க. பந்தலைப் பிரிங்க. மாஸ், அந்தக் குடையக் கீழ போடுங்க."

யாரும் அசையவில்லை. காமெலான் மட்டும் நிற்காமல் வழிந்தது. வார்சிதோ பெரியப்பா மைக்கை வாயருகே கொண்டுபோனார். சுமத்திரா மருமகளுக்கு நம் ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, புறாக்கள் பத்திரம் என்றார். அடக்கமான ஒரு சிரிப்பு பந்தலுக்குள் ஓடி அடங்கியது. பம்புதியின் முகம் வெளிறிவிட்டது. அவன் தன் தாயைப் பார்த்தான். குடை இன்னும் அவள் தலைக்கு மேலேயே இருந்தது.

அப்போதுதான் இபு அகப்பையைப் பானைக்குள் போட்டாள். வைக்கவில்லை, போட்டாள், பால் அவள் பட்டில் தெறித்தது. திரும்பி மகன் கையிலிருந்த குடையைப் பிடுங்கினாள். மடக்கத் தெரியாமல் அப்படியே விசிறி எறிந்தாள். அது இரண்டு வரிசை தள்ளி யாருடைய கொண்டையிலோ இடித்து விழுந்தது.

"மைக்கைக் கீழ வைங்க அண்ணா," என்றாள். குரல் கரகரவென்று, பல நாள் திறக்காத கதவு மாதிரி வந்தது. "வாயையும் மூடுங்க. டேய் பம்புதி, காரை எடுடா. கயிறைப் பாத்துக்கிட்டு நிக்காதீங்கடா தடியனுங்களா, அறுங்க."

அறுத்தார்கள். அந்த அம்மாள் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை என்பதால், யோசிக்கத் தோன்றாமல் ஓடினார்கள். பந்தலின் ஒரு பக்கம் சரிந்து நாற்காலிகள்மேல் விழுந்தது. அதன் மேலேயே கார் ஏறி வெளியே வந்தது.

காரில் பின்னிருக்கையில் இபு அவளோடு உட்கார்ந்திருந்தாள். சில்லுக் கூடையை இடுப்பிலிருந்து அவிழ்க்கவும் மறந்திருந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் அது கலகலத்தது. பம்புதி முதுகுக் குறுவாள் குத்த, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினான். முன்னால் போகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்பது போல ஹாரனை ஒரு விரலால் தொட்டான். தெர்லினா முன்னால் சாய்ந்து, தன் கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஊர் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

"பம்புதிக்கு முன்னாடி எனக்கு ஒருத்தன் இருந்தான்," என்றாள் இபு, ஜன்னலைப் பார்த்தபடி.

தெர்லினா ஹாரனிலிருந்து கையை எடுத்தாள். இப்படி ஒருத்தன் இருந்ததை அந்த வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. முன்னால் பம்புதியின் தோள் விறைத்ததைப் பார்த்தால், அவனுக்கும் தெரியாது போலிருந்தது.

"ஒன்பதாம் மாசம் அசையறதை நிறுத்திட்டான். எல்லாரும் சமத்துன்னாங்க. என் மாமியார், மருத்துவச்சி, எல்லாரும். எனக்கு உள்ளுக்குள்ள என்னவோ மாதிரி இருந்தது. ஆனா நானும் சிரிச்சேன். நல்ல மருமகள்னு பேர் வாங்கியிருந்தேனே. பிறந்தப்பவும் சமத்தாத்தான் இருந்தான். அழவே இல்லை."

 தெர்லினாவுக்கு இரக்கம் வரவில்லை. வந்தது வேறு. காலையில் கூடைக்குமேல் அப்படியே நின்ற அந்தக் கை நினைவுக்கு வந்தது.

"அப்ப காலையில நான் வந்து சொன்னப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் போய்ப் படுன்னீங்க."

"ஆமா," என்றாள் இபு. சாக்குச் சொல்லவில்லை. கூடையிலிருந்து ஒரு சில்லை எடுத்து இறுக்கி மூடிக்கொண்டாள். "அதே வார்த்தைதான் வாயில வந்தது. வேற வார்த்தையே வரலை."

"என் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களை விடமாட்டேன்."

"விடாதே," என்றாள் இபு.

ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டினார்கள். இந்த முறை பொய்த் துடிப்பு இல்லை. குழந்தையின் நாடியே கேட்டது. ஆனால் அது ஓடவில்லை, இடறி இடறி விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த நர்ஸின் முகத்திலிருந்து புன்னகை கழன்றது. அதற்கப்புறம் எல்லோரும் ஓடினார்கள். உடனே அறுக்க வேண்டும், நஞ்சுக்கொடி வேலை செய்வதை நிறுத்திக்கொண்டு வருகிறது, குழந்தை பலத்தைச் சேமிக்கத்தான் அசையாமல் கிடக்கிறது என்றார் டாக்டர். கணவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று காகிதத்தை நீட்டினார்கள். பம்புதி பேனாவை வாங்கினான். பழக்க தோஷத்தில் தாய் பக்கம் திரும்பினான்.

"என்னைப் பாக்காதே. அவளைப் பாரு," என்றாள் இபு.

அவன் தெர்லினாவைப் பார்த்தான். இவ்வளவு நாளில் முதல்முறையாக அவன் 'சரி' சொல்லவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு அழுதான். அழுகையைத் துடைக்க அவளுக்கு அப்போது நேரமில்லை.

பெண் குழந்தை. நீலம் பாரித்துத் துவண்டு வந்தது. தேய்த்தார்கள், காற்று ஊதினார்கள். முதுகு மரத்து, கண்ணுக்கு முன்னால் பச்சைத் துணியோடு கிடந்த தெர்லினா, அழு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அழுடி, கத்துடி, உன் பாட்டி மாதிரி கத்துடி. அறையில் இருந்தவர்கள் அவளைச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. கடைசியில் மூலையிலிருந்து துருப்பிடித்த கீல் திரும்புவது போல ஒரு சத்தம் வந்தது. கத்தல் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் சமத்து இல்லை.

லரஸின் கல்யாணம் மறுநாள் குறித்த நேரத்தில் நடந்தது. தாவெத் பாதியில் நின்றதால் வானம் இடிந்து விழவில்லை. குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, தேறிய பிறகு தாயிடம் கொடுத்தார்கள். அந்த நாட்களில் இபு ஆஸ்பத்திரி நடையிலேயே கிடந்தாள். சாப்பாடு கொண்டுவந்தாள், துணி துவைத்துக்கொண்டு வந்தாள். தெர்லினா சாப்பிட்டாள், உடுத்தினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே வந்த மாமியார் உட்கார இடம் தேடினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பம்புதியிடம் பேசினாள்; திட்டினாள் என்பதுதான் சரி. அவன் வாங்கிக்கொண்டான். ஒருநாள் திருப்பிக்கூட ஒரு வார்த்தை சொன்னான். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

குழந்தை கைக்கு வந்த அன்றே உறவு திரண்டு வந்தது. வார்சிதோ பெரியப்பா பழக்கூடையோடு, விவின் சிரிப்போடு, இன்னும் அந்த மெத்தென்ற கைக்காரிகள் இரண்டு மூன்று பேர். தன் கருவியைப் பற்றி விவின் பேச்செடுக்கவில்லை. எல்லாம் ஆண்டவன் ஏற்பாடு என்றாள். பந்தல் கிழிந்ததுதான் வருத்தம் என்றார் பெரியப்பா. தெர்லினா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தையல் போட்ட வயிறு, கத்தினால் வலிக்கும். குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. விவின் குனிந்து பார்த்தாள். கண் மூடி, வாய் மூடி, அசையாமல் கிடந்தது குழந்தை.

"அடடா, எவ்வளவு சமத்து பாருங்க," என்றாள்.

சுவரோரம் நின்றிருந்த இபு வந்தாள். விவினைத் தோளால் ஒதுக்கிவிட்டு, துணியை விலக்கிக் குழந்தையின் பாதத்தைக் கையில் எடுத்தாள். நடுவிரலை மடக்கி உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினாள். குழந்தை முகத்தைச் சுளித்தது. இன்னொரு சுண்டு. வாய் அகலத் திறந்து, முகம் சிவந்து, அந்தப் பிடி உயிர் வீறிட்டு அலறியது. அறை முழுக்க அலறல். வாசலில் ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். பெரியப்பா பழக்கூடையோடு ஒரு அடி பின்வாங்கினார். விவின் தட்டிக்கொடுக்கக் கையை நீட்டினாள்.

"தொடாதே," என்றாள் இபு. "கத்தட்டும்."

விவினுக்கும் குழந்தைக்கும் இடையில் கையால் மறித்து நின்றபடியே, இபு அவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். யாராவது புன்னகைக்கிறார்களா என்று பார்ப்பது போல இருந்தது. ஒருவரும் புன்னகைக்கவில்லை. அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது, அதைத் துடைக்கவில்லை. குழந்தை மூச்செடுத்து மூச்செடுத்துக் கத்தியது.

தெர்லினாவுக்குக் கோபம் தீரவில்லை. அன்று காலையில் அந்தக் கூடைக்கு முன்னால் வீணாய்ப் போன பொழுது திரும்பி வராது. அதை அவள் சாகும்வரை மறக்கப் போவதும் இல்லை. ஆனாலும் குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். கால்களை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டாள்.

"எத்தனை நேரம் நிப்பீங்க? உக்காருங்க, இபு," என்றாள். கத்தித்தான் சொன்னாள். குழந்தை போட்ட சத்தத்தில் வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.